ஒன்றையும் கைவிடாத உத்தமன்

சி டிரைவே, உன்னைப் புகழ எனக்குக் கடமை உண்டு. மட்டக்களப்பு வாவியின் இரு பக்கத்திலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், உன்னையும் உன் சகோதரங்களையும் நம்பித்தான் பல கந்தோர்கள் காலையில் கதவு திறக்கின்றன. மூலையில், கோப்பு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே, தூசி படிந்த சேர்வர் பெட்டிக்குள், 40 ஜிபி இடத்தில் விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2-ஐச் சுமந்தபடி நீ இருக்கிறாய். உப்புக்காற்று பெட்டியின் திருகாணிகளைத் துருவேற்றிவிட்டது. 2022 மார்ச் முடிவில் நாடு ஒரே நாளில் 13 மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தது. மின்சாரம் திரும்பியபோதெல்லாம் நீயும் எழுந்து வேலைக்கு வந்தாய். காசு கட்டாதவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் இல்லை என்று உன்னைச் செய்தவர்கள் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு கைகழுவிவிட்டார்கள். உன்னை வாங்கியவர்களும் அந்தத் திகதியைக் கவனிக்கவில்லை. இரு பக்கத்தாரும் மறந்த பிறகும் வேலை செய்கிறவன் நீ.

உன் முதற் குணம் ஞாபகம். ஒவ்வோர் அப்டேட் வந்தபோதும் புதிய கோப்பை இடத்தில் வைத்தாய். பழையதையும் போக விடவில்லை. யாராவது மனம் மாறி அந்த அப்டேட்டைக் கழற்றச் சொன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டருக்குள் அடுக்கி வைத்தாய். 2011இல் ஏற்றிய திருத்தத்தை இன்று எவரும் கழற்றப் போவதில்லை. ஆனாலும் நீ காத்திருக்கிறாய். உனக்கு முந்திய சேர்வர் 2003 தலைமுறையில் இதே சேமிப்பு, டொலர் அடையாளம் போட்ட நிறுவல்நீக்க ஃபோல்டர்களாக, அப்டேட்டுக்கு ஒன்றாக விண்டோஸ் ஃபோல்டருக்குள் வரிசையில் நின்றது. அவற்றையாவது திகதி பார்த்துக் கையால் எடுக்கலாம். உன் காலத்தில் அந்த உரிமையையும் மனிதர் கையில் விடவில்லை.

ஒரே கோப்பை இரண்டு முகவரியில் நிற்க வைக்கும் வித்தையும் உனக்குத் தெரியும். ஹார்ட் லிங்க் என்ற முறையில் வின்எஸ்எக்ஸ்எஸ்-க்குள் இருக்கும் கோப்பும் சிஸ்டம்32-க்குள் இருக்கும் கோப்பும் தட்டில் ஒரே இடத்தில்தான் கிடக்கும்; எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டாக எண்ணும். அந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து, "இது என்ன குப்பை" என்று ஃபோல்டரைக் கையால் அழித்தவர்கள் உண்டு. அடுத்த முறை இயந்திரம் எழும்பவில்லை. தன்னைச் சுத்தம் செய்ய வருகிறவனைத் தண்டிக்கும் இப்படியொரு காவலை வேறு எந்தக் களஞ்சியத்திலும் நான் கண்டதில்லை.

அந்தக் காவலின் உச்சம் இன்னொன்று. இடத்தை விடுவிக்கும் கருவியான டிஸ்க் கிளீனப் சேர்வர் பதிப்பில் தானாக வராது. டெஸ்க்டொப் எக்ஸ்பீரியன்ஸ் என்ற பகுதியை நிறுவி, சேர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டும். நிறுவ இடம் வேண்டும். இடம் இல்லாததால்தானே கருவியைத் தேடுகிறோம். அதே கருவியின் பிரதி வின்எஸ்எக்ஸ்எஸ்-க்குள்ளேயே ஏற்கெனவே கிடக்கிறது. அங்கிருந்து இரண்டு கோப்பை எடுத்து சிஸ்டம்32-க்குள்ளும் அதன் மொழி ஃபோல்டருக்குள்ளும் வைத்தால் போதும், வேலை செய்யும். இதைத் தெரிந்தவர் சிலர். பழைய அப்டேட்களைத் துடைக்கும் வசதியோ 2009இல் முடிக்கப்பட்ட இந்தப் பதிப்புக்கு நான்கு வருடங்களாவது கழித்துத்தான் வந்தது. அதுவரை கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது என்ற ஒரே கணிதத்தோடு நீ வாழ்ந்தாய்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டோலர் என்று ஓர் அறை இருக்கிறது, மறைத்து வைத்திருப்பாய். நிறுவிய ஒவ்வொரு மென்பொருளின் நிறுவல் பொதியும் திருத்தப் பொதியும் அங்கே இருக்கும். அலுவலக மென்பொருள் தொகுப்பு ஒன்றுக்கே வருடக்கணக்கில் வந்த திருத்தங்கள் பல ஜிபி ஆகும். அவற்றில் எது இன்னும் தேவை, எது அநாதை என்று நீ சொல்வதில்லை. தேவையானதை எடுத்துவிட்டால் உடனே எதுவும் ஆகாது. மாதங்கள் கழித்து, அந்த மென்பொருளைத் திருத்தவோ நீக்கவோ போகும்போதுதான் நீ வாய் திறப்பாய். அவ்வளவு பொறுமை உனக்கு.

பதிவு வைப்பதிலும் உனக்கு நிகர் இல்லை. இணையச் சேவை ஓடும் சேர்வரில் ஒவ்வொரு நாளும் ஒரு லொக் கோப்பு. இன்னார் இன்ன நேரத்தில் இன்ன பக்கத்தைத் திறந்தார் என்று எழுதி வைக்கிறாய். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை; ஆகவே எல்லா நாளையும் வைத்திருக்கிறாய். அப்டேட் வேலையைப் பதியும் சிபிஎஸ் லொக் 2 ஜிபி-யைத் தாண்டினால் அதைச் சுருக்கும் கருவி தோற்றுப்போகும். தோற்றதை விட்டுவிடாமல் திரும்பத் திரும்ப முயல்வாய். ஒவ்வொரு முயற்சியும் டெம்ப் ஃபோல்டரில் ஒரு பாதிக் கோப்பை விட்டுச் செல்லும். இடம் மிச்சப்படுத்தும் முயற்சியாலேயே இடம் தீர்வதை, சேர்வர் திருத்தும் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் கண்டேன். சேர்வர் எப்போதோ ஒருநாள் நீல நிறமாகிச் செத்துப் பிழைத்திருந்தால், அந்த நொடியின் நினைவகம் மெமரி டம்ப் என்ற பெரிய கோப்பாக உன்னிடம் இருக்கும். அதைத் திறந்து காரணம் தேடியவர் யாரும் இல்லை.

உன் கொடையைச் சொல்லாமல் விடக்கூடாது. சேர்வர் மெதுவாக ஓடுகிறது என்று கந்தோரில் முறையிட்டு, கேள்விப்பத்திரம் கோரி, கையெழுத்துகள் எல்லாம் வாங்கி, 4 ஜிபி ரேம் இருந்த இடத்தில் 16 ஜிபி போட்டார்கள். நல்ல காரியம். ரேமுக்குத் துணையான பேஜ்ஃபைல் என்ற கோப்பின் அளவை நீயே தீர்மானிக்கும் நிலையில் விட்டிருந்தார்கள். அது ரேமின் அளவுக்கு ஏற்ப வளரும். ரேம் கூடிய அன்றே உன் 40-இல் 16 ஜிபி-க்கு மேல் அந்த ஒரே கோப்புக்குப் போயிற்று. அவர்கள் கொடுத்த பரிசுக்கு நீ உன் இடத்தையே விலையாகக் கொடுத்தாய். பேஜ்ஃபைலை டி-க்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை, ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். ரேம் வாங்கிய கோப்பில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி இருக்கவில்லை.

டி என்று சொன்னேன். உன் அயலவன் டி-யையும் புகழத்தான் வேண்டும். புறநானூற்றில் அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி மின்னிய ஆயுதங்களை ஔவை புகழ்ந்தார். அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அதே மூச்சில் சொன்னார். எது போர் கண்டது, எது காணவில்லை என்பதைத் தொண்டைமானே விளங்கிக்கொள்ள வேண்டும். 500 ஜிபி தட்டில் 40 போக மிஞ்சிய இடமெல்லாம் டி-யிடம் இருக்கிறது. பெயர் மட்டும் இட்ட வெற்று ஃபோல்டர்கள், யாரோ பிரதி செய்த திருமண வீடியோ, அதற்கு அப்பால் வெளி. கீறல் இல்லை, நெருக்கடி இல்லை. நீயோ நுனி முறிந்து கிடக்கிறாய்.

இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் எழுப்பியவரை நான் குறை சொல்லமாட்டேன். சேர்வர் 2008க்குப் பரிந்துரைத்த அளவு 40 ஜிபி. ஆர்2-க்குக் குறைந்தபட்சம் 32. அவர் தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர். சேர்வர் 2003 காலத்தில் வெறும் 12 ஜிபி சி-யோடு விற்பனைக்கு வந்த பெட்டிகளும் உண்டு. அதோடு ஒப்பிட்டால் இவர் தாராளமானவர். நிறுவிய அன்று இடம் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. கையெழுத்து வாங்கினார், போனார். பத்து வருடத்துக்கு மேல் இந்தப் பெட்டி உழைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் கேட்கவுமில்லை.

அந்தச் சுவரைப் பிறகு நகர்த்தலாமே என்பார்கள். சேர்வர் 2008 பதிப்பிலிருந்து உன்னை நீட்ட முடியும், உனக்கு வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒதுக்காத இடம் இருந்தால். உன் வலப்பக்கத்தில் இருப்பது டி. டி-யைச் சுருக்கினால் வெற்றிடம் அவன் வால்பக்கம் கிடைக்கும். நீ கேட்பது தலைப்பக்கத்தில். ஆகவே டி-யில் உள்ளதை வெளியே பிரதி எடுத்து, டி-யை அழித்து, உன்னை நீட்டி, டி-யைத் திரும்ப உருவாக்க வேண்டும். பிரிவுகளை நகர்த்தும் வேறு மென்பொருள்களும் உள்ளன. நகர்த்தும் நடுவில் மின்சாரம் போனால் இரண்டு பேரும் போவீர்கள். இந்தக் கரையில் அந்தப் பந்தயத்துக்கு நான் வரமாட்டேன்.

நீ கூச்சல் போடாதவன் என்பதும் உண்மை. வெற்றிடம் கொள்ளளவில் பத்து வீதத்துக்குக் கீழ் வரும்போதே சிஸ்டம் லொக்கில் 2013 என்ற எண்ணோடு ஓர் எச்சரிக்கையை எழுதி வைப்பது உன் வழக்கம். அதையும் உன் மேலேயே எழுதுகிறாய். கந்தோரில் அந்த லொக்கைத் திறக்கும் கடமை எவருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. பிறகு ஒருநாள் பிரின்டர் வரிசை நகராது. அச்சுக்குப் போகும் கோப்பு முதலில் உன்னிடம் தங்க வேண்டும், தங்க இடமில்லை. உள்நுழைகிறவருக்குத் தற்காலிகக் கணக்கு திறக்கும், மேசைத் திரையில் அவருடைய கோப்பு ஒன்றும் இராது. தரவுத்தளம் தன் பதிவேட்டை வளர்க்க முடியாமல் நின்றுவிடும். வெளியே வாங்கில், காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதிக்காகக் கொக்கட்டிச்சோலையிலிருந்து பஸ் ஏறி வந்த முதியவர் காத்திருப்பார். அவரிடம் சொல்லப்படும் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க ஐயா."

அப்போதுதான் எனக்கு அழைப்பு வரும். ஆற்றுவாய் வெட்டுவது போல, வெள்ளாண்மைக்குள் தண்ணீர் ஏறிய பிறகு. வாவியின் முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருப்பதை மாரி தொடங்குமுன்பே எல்லாரும் பார்க்கிறார்கள். எந்த மட்டத்துக்கு ஏறினால் வெட்டுவது என்று விவசாயியும் மீனவரும் அதிகாரியும் கூடிப் பேசவாவது செய்கிறார்கள். உனக்கு அந்தக் கூட்டமும் இல்லை.

போய் உட்கார்ந்ததும் பிரதம லிகிதர் அம்மா பக்கத்தில் நின்று சொல்லும் முதல் வார்த்தை: "மனே, ஒண்டையும் அழிச்சுப்போடாதீங்க." அந்தச் சொல்லை நான் ஒருபோதும் இலேசாக எடுப்பதில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளோடு காகிதங்களையும் கொண்டுபோன ஊர் இது. 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் உயிரோடு மிஞ்சியவர்கள் தாங்கள் யார் என்று நிரூபிக்க ஒரு துண்டுமில்லாமல் நின்றார்கள். இடப்பெயர்வு ஒவ்வொன்றிலும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பொலித்தீன் பையில் கட்டி மடியில் வைத்துக் கொண்டுபோகப்பட்டன. போக முடியாதவை எரிந்தன. நடமாடும் சேவை என்று கூடாரம் போட்டு, இழந்த ஆவணங்களுக்கு மாற்று கொடுத்த நாட்களில் வரிசைகள் எவ்வளவு நீண்டன என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காகிதத்தை எறியக் கை கூசுவது இந்தக் கரையில் அநுபவத்தில் வந்த அறிவு.

ஆகவே சி டிரைவே, எதையும் கைவிடாத உன் குணம் இந்த ஊருக்குப் பொருத்தம் என்று எல்லாரும் நம்பினார்கள். நீயும் கைவிடவில்லை: 2011இன் அப்டேட், 2014இன் லொக், நீலத்திரையின் டம்ப், வேலையை விட்டுப் போனவரின் குப்பைத் தொட்டி. குப்பைத் தொட்டியும் ஆளுக்கு ஒன்று. ஆள் மாற்றலாகிப் போன பிறகும் அவருடையது உன்னிடம் நிரம்பியபடி இருக்கிறது. அந்த முதியவரின் காணி விபரமோ ஒரே ஒரு தரவுத்தளத்தில், ஒரே ஒரு தட்டில், ஒரே ஒரு பிரதியாக இருக்கிறது. குப்பைக்கு இரண்டு முகவரி கொடுத்தவன் நீ. அவருடைய காணிக்கு இரண்டாவது பிரதி கொடுக்க வேண்டியவர்கள் நீ இருக்கிறாய் என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இந்த நாடு இந்தக் காரியத்தைக் கணினிக்கு முன்னரே சரியாகச் செய்து வைத்திருக்கிறது. 1907இன் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டத்தின்படி ஓர் உறுதி எழுதினால் மூலம் உரியவரிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று பிரதி, மூன்று கூரை, அனுப்பத் தவணை, அனுப்பாவிட்டால் பொறுப்பு. இன்றைய கணினி நிபுணர்கள் பேக்கப்புக்குச் சொல்லும் விதியும் ஏறத்தாழ இதுவேதான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். வீட்டில் ஓடு பறந்தவர்கள் பலரின் உறுதியைத் திரும்பப் பெற முடிந்தது பதிவகத்தில் இரண்டாம் பிரதி இருந்ததால். மை தொட்டு எழுதிய காலத்துக் கட்டளைச்சட்டம் காட்டிய அக்கறையை, சேர்வர் வாங்கிய கந்தோர் காட்டவில்லை.

இது எங்கள் கரையின் சின்னக் கந்தோர்களுக்கு மட்டும் உரிய பெருமையும் அல்ல. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அரசாங்கத்தின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் இருந்தது. மின்னஞ்சலை இயக்கியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது. மேம்படுத்தப் பணம் போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. மற்றவற்றை மீட்டார்கள்; அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு மட்டும் மீட்க ஒரு பிரதி இருக்கவில்லை. பழைய இயந்திரத்தின் உழைப்பைத் தலைநகரமும் எங்களைப் போலவே நம்பியிருந்தது.

பணம் இல்லை என்ற பேச்சை நான் மறுக்கவில்லை. 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு, 2022இல் ரூபாயின் வீழ்ச்சி. புதிய சேர்வர் கேட்டு எழுதிய கடிதங்கள் பல அலுமாரிகளில் கிடக்கின்றன. ஆனால் உன்னை மூச்சுவிட வைக்கப் பணம் வேண்டியதில்லை. முதலில் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் வெளித்தட்டில் பிரதி எடுக்க வேண்டும். அது முடியாமல் ஒரு கோப்பைக்கூட நான் தொடமாட்டேன். பிறகு ட்ரீசைஸ், வின்டிர்ஸ்டாட் போன்ற ஒரு கருவியால் எது எவ்வளவு தின்கிறது என்று பார்க்கலாம். ஊகத்தில் அழிப்பவன் கையில்தான் கந்தோர்கள் செத்திருக்கின்றன. பேஜ்ஃபைல் டி-க்குப் போகட்டும், ஒரு சிறு பங்கு மட்டும் உன்னிடம் இருந்தால் போதும். டெம்ப்பில் கிடக்கும் பாதிக் கோப்புகளையும் பூதாகாரமான சிபிஎஸ் லொக்கையும் அந்தச் சேவையை நிறுத்திவிட்டு எடுக்கலாம். இணைய லொக்கை டி-க்குத் திருப்பி, இத்தனை மாதத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு சிறிய நிரலால் விதி வைக்கலாம். மெமரி டம்ப், ஆளில்லாத குப்பைத் தொட்டிகள், சொஃப்ட்வெயார் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரில் இறக்கி ஏற்றி முடிந்த அப்டேட்கள் எல்லாம் போகலாம். வின்எஸ்எக்ஸ்எஸ்-ஐ அதற்குரிய கிளீனப் வழியாக மட்டும். அதன் பிறகு பழைய அப்டேட்களைக் கழற்ற முடியாது, அடுத்த எழும்பல் நீண்ட நேரம் எடுக்கும், ஆகையால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்லது. இன்ஸ்டோலர் அறையைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் செய்தால் நீ இன்னும் சில காலம் ஓடுவாய், அதில் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்குப் பயம். நீ ஓடுகிற ஒவ்வொரு மாதமும் புதிய சேர்வர் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் கீழே போகிறது. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயந்திரத்தை வலையமைப்பில் இணைத்து வைத்திருப்பதற்கு, இடம் கிடைத்துவிட்டது என்பது நியாயமாகாது.

பொறுப்பில் இருக்கும் சேர்மாருக்கு இதைச் சொல்லி வருகிறேன்: அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் புதிய பெட்டியைப் போடுங்கள், அதில் சி-க்கு நூறு ஜிபி-க்குக் குறையாமல் கொடுங்கள், டி-யை வேறு தட்டில் வையுங்கள். அதுவரை, கந்தோருக்கு உண்மையில் தேவையான பதிவுகள் எவை என்று ஒரு பின்னேரம் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். நான் பார்த்த இடங்களில் அவை சில ஜிபி-க்குள் அடங்கின, ஒரு பென் டிரைவ் போதும். இரண்டு தனித்தனி வெளித்தட்டில் அவற்றைப் பிரதி எடுத்து, ஒன்றை வாவிக்கு மறுகரையில் உள்ள வேறொரு கந்தோரில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். எடுத்த திகதியை மேலே எழுதி, மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு காணிக் கோப்பைப் பிரதியிலிருந்து திறந்து பார்க்கும் வேலையை, பெயர் குறித்து, ஓர் ஆளின் கடமைப் பட்டியலில் சேருங்கள்.